பூட்டில்லாத நாள்

சுவரில் மாட்டிய அன்றே பெட்டி கேட்டது, "நான் கெட்டுப்போனா திரும்ப எழுப்பறதுக்கு ரெகவரி டிரைவ் ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாமுங்களா?" என்று. சிபி, "அப்புறம்" என்றான். மறுவாரம் கேட்டது. அப்போதும் அப்புறம்தான். பிறகு அது மாதம் தவறாமல் கேட்டது, அவனும் மாதம் தவறாமல் தள்ளிப்போட்டான். ஊரில் முக்கால்வாசிப் பேர் செய்கிற காரியம்தான். வெள்ளம் வருமுன் அணை போடு என்பதெல்லாம் அடுத்தவனுக்குச் சொல்வதற்கென்றே உண்டான பழமொழி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சர்வீஸுக்கு வந்த ஃபர்ஹானா பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினாள். அந்தச் சத்தம் கேட்டு சிபியின் மனைவி தாரிணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"தாங்காதுக்கா. உள்ள மெமரி கருகிட்டே வருது. இன்னிக்கோ நாளைக்கோ."

"புதுசு மாட்டிடலாமில்ல?"

"மாட்டலாம். ஆனா அது வெறும் சிலேட்டு. உங்க வீட்டைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. ரெகவரி டிரைவ் எங்கக்கா?"

தாரிணி சிபியைப் பார்த்தாள். சிபி ஜன்னலைப் பார்த்தான்.

வடவள்ளியில் அந்த அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் இதுபோல ஒரு கணினி இருந்தது. விளக்கு, கதவு, மளிகை, கரண்ட் பில், மாமியாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து என்று அதன்பாட்டுக்குப் பார்த்துக்கொள்ளும். கம்பெனி அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தது. இவர்கள் வீட்டில் அது பெட்டிதான். மற்ற வீட்டுக்காரர்களுக்கு அது போனால் இரண்டு நாள் எரிச்சல், மூன்றாம் நாள் பழகிவிடும். இவர்களுக்கு அப்படியில்லை. இவர்கள் வீட்டில் இதழி இருந்தாள்.

இதழிக்குப் பதினோரு வயது. பிறவியிலேயே பேச்சு வராது. தொண்டையில் சில ஒலிகள், விரலில் சில அசைவுகள், கண்ணைச் சுருக்குவதில் ஒரு தினுசு, இவ்வளவுதான் அவள் பாஷை. சைகை மொழி கற்றுக்கொடுக்கப் பார்த்தார்கள், எழுதப் பழக்கிப் பார்த்தார்கள், விரல்கள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. பெட்டிதான் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்து, அவளோடு மல்லுக்கட்டி, ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டது. முகவாயில் இரண்டு தட்டுத் தட்டினால் 'திரும்பச் சொல்லு'. இடது கட்டைவிரலை மடக்கினால் எதிர்வீட்டுப் பூனை. மூக்கைச் சுளித்து மூச்சை இழுத்தால் மழை வரப்போகிறது. அவள் செய்வாள், பெட்டி சொல்லும். பள்ளியிலும் அவள் பையில் இருக்கும் சின்னக் கருவி வழியாக இதே பெட்டிதான் பேசியது. கூடவே ஒருவர் படித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது யார்தான் எழுத்துக் கற்றுக்கொள்வார்கள்? மகளின் பாஷையைத் தாரிணியும் கற்கவில்லை. சிபியும் கற்கவில்லை.

"மாசா மாசம் கேட்டுச்சே. ஒரு பட்டனை அமுக்க உங்களுக்கு நேரமில்ல" என்றாள் தாரிணி.

"உனக்கும்தான் கேட்டுச்சு. நீ அமுக்கியிருக்கலாமே."

"எல்லாத்தையும் நானே அமுக்கணும், நானே பாக்கணும்."

"வந்தவங்க முன்னாடி ஆரம்பிக்காத."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்த இதழி, தொண்டையில் 'க்கு' என்றாள். கன்னத்தை விரலால் தொட்டாள்.

"இதழிக்குத் தண்ணி வேணுமாமுங்க" என்றது பெட்டி. குரல் நடுவில் ஒருமுறை தேய்ந்து மீண்டது.

தாரிணி பேச்சை விட்டுவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். இந்தப் பெண்ணுக்கு எந்நேரமும் தாகம். போன வருஷம் பயந்துபோய் சர்க்கரை டெஸ்ட்கூட எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை, வெயில் காலம், நிறைய குடிக்கட்டும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

ஃபர்ஹானா தன் பையிலிருந்து விரல் நீளத்தில் ஒரு டிரைவை எடுத்து பெட்டியில் செருகினாள். "இன்னும் உயிர் இருக்கு, எடுத்துடலாம். ஆனா ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும். ரெண்டாவது நகலுக்குச் சட்டத்துல இடமில்ல."

"எதுக்கு அப்படி ஒரு சட்டம்?" என்றான் சிபி.

"முன்னாடி இஷ்டத்துக்கு எடுத்தாங்கண்ணா. அந்த நகலெல்லாம் வக்கீல் கைக்குப் போச்சு, கல்யாணப் புரோக்கர் கைக்குப் போச்சு. ஒரு வீட்டோட வயித்தைக் கிழிச்சுக் கையில குடுத்த மாதிரி. அதனால ஒண்ணே ஒண்ணு. நாளைக்குப் புதுப் பெட்டியில செருகினா, நகல் எடுத்த நாள்ல எப்படி இருந்துச்சோ அப்படியே எந்திரிச்சு வரும்."

அவள் திரையைத் தட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி உச்சுக் கொட்டினாள்.

"பூட்டு இருக்குதுக்கா."

"என்ன பூட்டு?"

"'இதை அம்மாகிட்டச் சொல்லாத, அவர்கிட்டச் சொல்லாத'ன்னு பெட்டிகிட்டச் சொல்லுவோமில்ல? ஒவ்வொண்ணும் ஒரு பூட்டு. உங்களுக்கு ஒரு கணக்கு, அண்ணனுக்கு ஒரு கணக்குன்னு அது தனித்தனியா வெச்சிருக்கும். தினப்படி ஓட்டத்துக்கு அது சரி. நகல் எடுக்கறப்ப எல்லாக் கணக்கும் ஒண்ணாப் பொருந்தணும். பொருந்தலைன்னா பாதியில நின்னுடும்."

"உடைச்சுட முடியாதா?"

"உடைச்சா பக்கத்துல ஒட்டிட்டிருக்கறதும் சேந்து போயிடும். எது போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டு வழிதான். பூட்டினவங்களே, யார்கிட்ட மறைச்சாங்களோ அவங்க முன்னாடி விஷயத்தைச் சொல்லித் திறக்கணும். அப்ப இன்னிக்கு இருக்கற மாதிரியே நகல் கிடைக்கும். இல்லைன்னா பூட்டே இல்லாத கடைசி நாளுக்குப் போயி, அந்த நாளை எடுத்துக்கணும்."

"அது எந்த நாளு?"

இதற்குப் பெட்டியே பதில் சொன்னது. "நாலு வருசம் முன்னாடி, விஜயதசமி காலைங்க."

தாரிணிக்கு அந்த நாள் நினைவிருந்தது. முதல் நாள் ஆயுத பூஜை. கருவிகளுக்கெல்லாம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று சிபியின் பைக்கிலிருந்து காய் நறுக்கும் கத்திவரை கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, பெட்டியையும் அணைத்து வைத்தார்கள். மறுநாள் காலை கற்பூரம் காட்டித்தான் திறந்தார்கள். அன்றைக்கு வைத்த குங்குமம் மேல் மூலையில் இன்னும் மங்கலாக இருந்தது.

"அப்ப இதழி பேசினதுல எத்தனை வார்த்தை உனக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"பசி, தண்ணி, போதும், அம்மா. இந்த மாதிரி கொஞ்சம்தானுங்க. மத்ததெல்லாம் அதுக்கப்புறம் கத்துக்கிட்டது."

ஃபர்ஹானாவுக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. "பேசி முடிவு பண்ணுங்கக்கா. எடுக்க ஆரம்பிச்சா அது வேற ஒண்ணும் செய்யாது, பேசவும் பேசாது. பயப்படாதீங்க. பாதியில மட்டும் பிடுங்கிடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கதவு மூடியதும் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தாரிணிக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாலு வருஷ வார்த்தைகள் அந்தக் கருகும் பெட்டிக்குள் இருந்தன. அவை போனால், பூனை பற்றியும் மழை பற்றியும் வாயோயாமல் பேசுகிற பெண், மறுபடி பசி, தண்ணி, போதும் என்று ஆகிவிடுவாள். மகளை ஊமையாக்கிவிட்டு எந்த ரகசியத்தைக் காப்பாற்றி என்ன செய்ய?

"திறந்துடலாம்" என்றாள்.

சிபி தலையாட்டினான். ஆட்டிய விதத்தில் உற்சாகம் இல்லை.

"யாரோடதிலிருந்து ஆரம்பிக்கட்டுமுங்க?" என்றது பெட்டி.

"என்ற பூட்டிலிருந்தே ஆரம்பி" என்றான் சிபி. எழுந்து மின்விசிறியைக் கூட்டினான். மறுபடி குறைத்தான். "புரட்டாசி சனிக்கிழமை. ஆபீஸ்ல பிரியாணி சாப்பிட்டேன். ஒரு சனி இல்ல, எல்லாச் சனியும்."

தாரிணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குத்தான் விரதம் இருக்கறவராட்டம் ராத்திரி மோர் மட்டும் குடிச்சீங்களா?"

"வயிறு கேக்கல."

"திறந்தாச்சுங்க" என்றது பெட்டி. டிரைவில் ஒரு பச்சைப் புள்ளி மினுங்கியது.

தாரிணியின் முறை வந்தது. சிபியின் அம்மா அனுப்பிய எள்ளுருண்டை டப்பாக்களை அவள் சிபிக்குத் தெரியாமல் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு, நன்றாக இருந்தது என்று போனில் சொன்னாள். அதற்கும் இருவரும் சிரித்தார்கள். இதழியும் சிரித்தாள். இப்படியே போனால் நல்ல பொழுதுபோக்குத்தான் என்று தாரிணிக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. நல்லது கொஞ்ச நேரத்துக்குத்தான் என்பதையும் அவள் மறந்திருக்கவில்லை.

"அடுத்தது சிபி அண்ணனோடது. முதல் பூட்டு. விஜயதசமி சாயங்காலமுங்க."

சிபி மேசையில் கிடந்த பென்சில் சீவலை விரலால் ஒதுக்கினான். "இதழிக்குக் கேட்ட அந்த ஸ்கூல்ல சீட் இல்லைன்னு சொன்னேனில்ல? சீட் இருந்துச்சு. மத்த பிள்ளைகளோட அப்பா அம்மா சங்கடப்படுவாங்கன்னு சொன்னாங்க. போன்லதான். நீ பட்டுச்சேலை கட்டிட்டு, அவளுக்கு அரிசில எழுதப் பழக்கிட்டு இருந்த. எப்படிச் சொல்றது?"

"நான் அடுத்த வருசமும் அந்த ஸ்கூலுக்கே அப்ளிகேசன் போட்டேன்" என்றாள் தாரிணி. "அதுக்கடுத்த வருசமும் போட்டேன். நீங்க பாத்துட்டே இருந்தீங்க."

"திறந்தாச்சுங்க."

"அடுத்தது?" என்றாள் தாரிணி.

"கார்" என்றான் சிபி. "ஆபீஸ்ல லேட்டுன்னு சொல்றது பொய். கீழ பார்க்கிங்லதான் உக்காந்திருப்பேன். மேல வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம். சில நாள் ரொம்ப நேரம்."

"எதுக்கு?"

"சும்மா."

இதழி காது மடலைப் பிடித்து இழுத்தாள். இது இந்த வருஷத்து வார்த்தை. மற்ற நேரமாக இருந்தால் வீடே சிரிக்கும்.

"அப்பா டூப் விடறாராமுங்க" என்றது பெட்டி.

சிபி மகளைப் பார்த்தான். "மேல வந்தா ஏதாவது ஒண்ணு இருக்கும். தெரபி, ஸ்கூல், உன்ற மூஞ்சி. நான் ஏதாவது சொல்லுவேன், நீ ஏதாவது சொல்லுவ. கீழ உக்காந்தா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல."

தாரிணிக்குக் கோபம் வரவில்லை. வந்தது பொறாமை. அவளுக்கு உட்கார ஒரு கார்கூட இல்லை. "இதழியோட தெரபிஸ்ட் ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னனே, போகல" என்றாள். "நான்தான் நிறுத்திட்டேன். வாரா வாரம் கூட்டிட்டுப் போயி, அவளுக்கும் பிடிக்காம, எனக்கும் முடியாம. நிறுத்திட்டுப் பூங்காவுல உக்காந்துட்டு வருவோம்."

"ரெண்டு வருசமா?"

"ஆமா."

"திறந்தாச்சுங்க" என்ற பெட்டியின் குரலில் பாதியைக் காணவில்லை. கூடத்து விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. நேரம் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

"தாரிணி அம்மாவோடது ஒண்ணு பாக்கிங்க."

அதைச் சொல்லாமலே மற்றதையெல்லாம் சொல்லி முடித்துவிடலாம் என்று அவள் இதுவரை தன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தாள். எழுந்து ஜன்னல் திரையை இழுத்தாள், மறுபடி விலக்கினாள்.

"பெங்களூர்ல ஒரு வேலை. சரின்னு சொல்லிட்டேன். வீடும் பாத்துட்டேன். ஜூன்ல போறோம். நானும் இதழியும்."

"நானும் இதழியும்னா?"

"உங்களுக்குத்தான் காரு இருக்குதே" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கொடுமையாக விழுந்தது என்று தெரிந்தது.

"என்ற பிள்ளைய என்னைக் கேக்காம கூட்டிட்டுப் போயிடுவியா?"

"உங்க பிள்ளையா? அவ என்ன சொல்றான்னு என்னிக்காவது நேராப் பாத்திருக்கீங்களா? பெட்டியத்தான பாப்பீங்க."

"நீ பாத்தியா? நீ மட்டும் பாத்தியா?"

'க்கு' என்றாள் இதழி.

"இதழிக்குத் தண்ணி வேணுமாமுங்க."

சிபி முந்திக்கொண்டு சமையலறைக்குப் போனான். தம்ளரோடு திரும்பியபோது அவன் குரல் இறங்கியிருந்தது. இதழி ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்தாள். "சரி, அதைப் பொறவு பேசிக்கலாம்" என்றான் அவன். அது இன்னொரு 'அப்புறம்' என்று தாரிணி நினைத்தாள், சொல்லவில்லை.

"திறந்தாச்சுங்க."

"அவ்வளவுதான? எடு" என்றான் சிபி.

"இன்னும் ஒண்ணு பூட்டியிருக்குதுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்கு மேலும் என்ன வைத்திருக்கிறாய் என்ற அதே சந்தேகம் இரண்டு முகத்திலும் இருந்தது.

"என்ற பூட்டெல்லாம் முடிஞ்சுது" என்றான் சிபி.

"என்ற பூட்டும்தான்."

"இது இதழியோடதுங்க" என்றது பெட்டி.

தாரிணிக்கு முதலில் அது ஏறவில்லை. பெட்டி கருகுவதால் உளறுகிறது என்று நினைத்தாள். இந்தப் பெண்ணுக்கு ரகசியமா? தாங்களே குளிப்பாட்டி, தலைசீவி, அவள் நினைப்பதையெல்லாம் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற பெண்ணுக்கா?

"அவ எப்படிப் பூட்டுவா?"

"இதழியும் இந்த வீட்டு ஆளுதானுங்களே. சொல்லாதேன்னு சொன்னாங்க. சொல்லலை."

"என்ன அது?" என்றான் சிபி.

"அவங்கதான் திறக்கணும்."

இதழி பென்சிலையும் சீவலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்திருந்தது. சிபி அவள் பக்கத்தில் மண்டியிட்டான். "கண்ணு, திறந்துடு சாமி. நாங்க எல்லாம் திறந்துட்டோமில்ல? அப்பாவும் அம்மாவும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

இதழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாட்டேங்கறாங்க" என்றது பெட்டி.

"யாராவது உன்னை ஏதாவது பண்ணினாங்களா? ஸ்கூல்லயா? சொல்லு" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். அவன் பயம் தாரிணிக்கும் தொற்றியது. அவளும் பக்கத்தில் போய் நின்று, "சொல்லுடி, பெட்டி போயிடும், அப்புறம் நீ ஒண்ணுமே பேச முடியாது, தெரியுதா?" என்றாள்.

சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே கேட்டது. கழுத்தைப் பிடித்து வாங்குகிற குரல். அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் அவளே வைத்து, அவளே மூடிய பொருள் இந்த ஒன்றுதான். அதையும் பிடுங்கப் பெற்றவர்கள் இருவரும் ஒற்றுமையாக நிற்கிறார்கள். இந்த வீட்டில் இவர்கள் ஒற்றுமையாகச் செய்கிற காரியம் இதுதானா? தாரிணிக்கு வெட்கமாக இருந்தது.

"விடுங்க அவளை. பெட்டி, அந்த விஜயதசமி நாளையே எடு."

"உனக்குப் பைத்தியமா? நாலு வருசம் போயிடும்."

"போகட்டும். அவளோடது அவகிட்ட இருக்கட்டும். வார்த்தைய நான் புதுப் பெட்டிக்குச் சொல்லித் தர்றேன்."

"உனக்கு எத்தனை தெரியும்? சொல்லு பாக்கலாம்."

"மொகவாயத் தட்டினா திரும்பச் சொல்லு. மூக்கச் சுளிச்சா மழை. காதை இழுத்தா..." அவள் யோசித்தாள். பூனைக்கு எந்தக் கை? மேற்கொண்டு வரவில்லை. "கத்துக்கறேன். இனிமேக் கத்துக்கறேன்."

"நாலு வருசம் கத்துக்காதவ."

"நீங்க மட்டும் கிழிச்சீங்களா?"

"நான் அதைச் சொல்லல..."

"பின்ன வேற எதைச் சொல்றீங்க?"

'க்கு.'

தாரிணியின் கால் தானாகச் சமையலறைக்கு நடந்தது. பானையில் மொண்டு, தம்ளரைத் துடைத்து, எடுத்துக்கொண்டு திரும்பும்போதுதான் ஒன்று உறைத்தது. பெட்டி தண்ணீர் என்று சொல்லவில்லை.

இதழி எழுந்து நின்றிருந்தாள். பெட்டியைப் பார்த்துக் கையை விரித்து, மெதுவாக, தப்பாகப் படித்துவிடக் கூடாது என்பதுபோல ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தாள்.

"இதழி பூட்டைத் திறக்கறாங்க" என்றது பெட்டி. "அவங்க எங்கிட்டச் சொன்னதை அப்படியே சொல்லட்டுமுங்களா?"

இதழி தலையசைத்தாள்.

"'அம்மாவும் அப்பாவும் சண்டை போடறப்ப, எனக்குத் தண்ணி வேணும்னு சொல்லு. எனக்குத் தாகம் இல்லைன்னு மட்டும் அவங்ககிட்டச் சொல்லாதே.'"

அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு வைத்த தம்ளரை சிபி எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தான்.

"எப்ப சொன்னா?" என்று சிபி கேட்டான்.

"ரொம்ப நாளாச்சுங்க. ஒவ்வொரு தடவையும் அதுக்காகத்தான். திறந்தாச்சுங்க. எல்லாம் பொருந்துது. எடுக்கறேன்." டிரைவின் புள்ளி பச்சையிலிருந்து நீலமானது. பெட்டி பேச்சை நிறுத்திக்கொண்டது.

தாரிணிக்கு அந்தச் சர்க்கரை டெஸ்ட் நினைவு வந்தது. சுண்டுவிரலில் ஊசி குத்தியபோது இதழி கண்ணை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். அப்போதும் சொல்லவில்லை. எத்தனை தம்ளர் தண்ணீர். தாகமே இல்லாமல் அத்தனையையும் ஒரு குழந்தை குடித்திருக்கிறது.

சிபி மகள் முன்னால் வந்து நின்றான். பெரியவர்கள் எப்போதும் சொல்வதைச் சொன்னான். "அது சண்டை இல்ல கண்ணு. அப்பாவும் அம்மாவும் சும்மா பேசிட்டுத்தான் இருந்தோம்."

இதழி அவனைப் பார்த்தாள். பிறகு காது மடலைப் பிடித்து இழுத்தாள்.

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. சிபி பழக்கத்தில் சுவரைத் திரும்பிப் பார்த்தான். தாரிணி பார்க்கவில்லை.

"டூப் விடாதீங்கன்னு சொல்றா" என்றாள். கையில் தம்ளர் அப்படியே இருந்தது. அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல், நாக்கு வறண்டிருந்ததால், தானே குடித்து முடித்தாள்.